பழைய புத்தகம் சேக்குறது, வீட்டு லைப்ரரி வைக்கிறது: சிங்கப்பூர்ல இருக்குறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

வீட்டுக்கு யாராச்சும் வந்தா ஹால்ல இருக்குற அலமாரிய ஒரு தடவ மேல கீழ பாத்துட்டு "இதெல்லாம் படிச்சிட்டீங்களா"ன்னு கேப்பாங்க, அப்புறம் "எங்க வாங்குனீங்க"ம்பாங்க. கிளம்புற நேரத்துல வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே "எங்க அப்பாவோட புக்ஸ் ஒரு பெட்டி ஸ்டோர் ரூம்ல கிடக்கு, உங்களுக்கு வேணுமா"ன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க, அந்தக் கேள்விக்காகத்தான் முன்னாடி கேட்டதுக்கெல்லாம் நான் பொறுமையா பதில் சொல்றதே. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல தனித்தனியா டைப் பண்றதுக்குப் பதிலா எல்லாத்தையும் இங்க போட்டுட்டேன்.

எல்லாத்தையும் படிச்சிட்டீங்களா?

இல்லீங்க, பாதிகூட இருக்காது. சிலது எதையாச்சும் தேடிப் பாக்க, சிலது திரும்பத் திரும்ப படிக்க, சிலத நான் வச்சிக்கலன்னா வேற யாரும் வச்சிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதால வச்சிருக்கேன். அடுத்த கேள்வி.

புதுசாவே வாங்கலாமே, ஏன் யாரோ தொட்ட பழச போய் வாங்கணும்?

புதுசு கிடைச்சா புதுசு வாங்குங்க, தப்பே இல்ல, எழுதுறவங்களுக்கும் நாலு காசு போகும். ஆனா தமிழ்ல நெறைய புத்தகம் ஒரே ஒரு பதிப்போட நின்னு போச்சு. அதுலயும் சிங்கப்பூர், மலேசியா எழுத்தாளர்களோடது இன்னும் மோசம், பல பேரு சென்னையில அச்சடிச்சு பெட்டி பெட்டியா இங்க கொண்டு வந்து, வெளியீட்டு விழாவுல பாதி, சொந்தக்காரங்களுக்குப் பாதின்னு குடுத்துட்டு முடிச்சிருப்பாங்க, பத்து வருஷம் கழிச்சு நீங்க தேடுனா எந்தக் கடையிலயும் இருக்காது. அப்போ பழசுதான் ஒரே வழி.

இன்னொண்ணு, இது என் சொந்த சபலம்னே வச்சுக்கோங்க, பழைய புத்தகத்துல கதை ரெண்டு. ஒண்ணு அச்சுல இருக்குறது, இன்னொண்ணு ஓரத்துல பென்சில்ல இருக்குறது. யாரோ ஒரு அண்ணன் நைட் ஷிஃப்ட் போற பஸ்ல படிச்சிருப்பாரு, டிக்கெட்ட மடிச்சு பக்கத்துல செருகியிருப்பாரு, ஒரு வரிக்கு அடியில கோடு போட்டு "இல்லவே இல்ல"ன்னு எழுதியிருப்பாரு. அந்த ஆளோட நானும் சண்டை போட்டுக்கிட்டே படிக்கிறது இருக்கே, அது புதுப் புத்தகத்துல கிடைக்காதுங்க.

சிங்கப்பூர்ல பழைய புத்தகம் எங்க தேடுறது?

முதல்ல பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ். 1980-ல கட்டுனது, அதுக்கு முன்னாடி பிராஸ் பாசா ரோட்டுலயும் ஸ்டாம்ஃபர்ட் ரோடு பக்கமும் வரிசையா பழைய புத்தகக் கடைங்க இருந்துச்சு, நம்ம ஆளுங்க நடத்துனதும் அதுல உண்டு, ஸ்கூல் பசங்க டெக்ஸ்ட்புக் வாங்க விக்க அங்கதான் போவாங்க. பல புத்தகக் கடைங்க அப்புறம் இந்தக் காம்ப்ளெக்ஸுக்கு மாறிடுச்சு. கீழ் மாடியில இருக்குற பெரிய கடையோட திரும்பிடாதீங்க, மேல ஏறுங்க, சின்னச் சின்னக் கடையில தரையிலிருந்து கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருப்பாங்க. இங்க தமிழ் கிடைக்கிறது அபூர்வம், ஆனா மலாயா வரலாறு, இந்திய வரலாறு, பழைய சமையல் புத்தகம், தோட்டம், கப்பல், ரயில் எல்லாம் இங்கிலீஷ்ல நல்லா கிடைக்கும். போற வழியில எதிர்ல விக்டோரியா ஸ்ட்ரீட்ல தேசிய நூலகம், ஒரு புத்தகம் நெசமாவே அரிதா இல்ல கடைக்காரர் சும்மா சொல்றாரான்னு அங்க போய் கேட்டலாக்ல பாத்துட்டு வந்தே வாங்கலாம், நடந்தா அஞ்சு நிமிஷம்.

அப்புறம் சால்வேஷன் ஆர்மி மாதிரி பழைய சாமான் விக்கிற த்ரிஃப்ட் கடைங்க, சில ஆஸ்பத்திரிக்குள்ள இருக்குற டிக்னிட்டி மாமா புத்தக ஸ்டால் (சிறப்புத் தேவை உள்ள பிள்ளைங்களும் அவங்க அம்மாக்களும் சேந்து நடத்துறது, மருந்துக்கு நம்பர் வர்ற வரைக்கும் அங்க நிக்கலாம்), பழைய சாமான் வாங்கி விக்கிற கேரசல் ஆப், த்ரிஃப்ட்னே பேரு வச்சிருக்குற பழைய புத்தக ஆன்லைன் கடை. நூலக வாரியமும் கழிச்ச புத்தகங்கள எக்ஸ்போவுல மலிவா வித்திருக்காங்க, அதுல தமிழும் இருந்துச்சு, அப்படி ஒண்ணு அறிவிச்சா தள்ளுவண்டிப் பெட்டியோட காலையிலயே போயிடுங்க. சில புளோக்குல வாய்ட் டெக்ல (கீழ்த் தளத்துல திறந்து விட்டிருக்குற பொது இடம்) புத்தகப் பரிமாற்ற அலமாரி வச்சிருப்பாங்க, அதையும் தாண்டிப் போயிடாதீங்க.

சுங்கை ரோடு திருட்டுச் சந்தைய பத்தி இன்னும் கேக்குறாங்க. அது 2017 ஜூலை 10-ஓட முடிஞ்சு போச்சுங்க. தார்ப்பாய விரிச்சு அதுல பழைய வாட்ச், ரேடியோ, ரெக்கார்டுக்கு நடுவுல புத்தகமும் கிடக்கும், வெயில்ல குந்திக்கிட்டு பொறுக்கணும். அந்த மாதிரி ஒரு இடம் இப்போ இல்ல.

தேக்கா முழுக்க சுத்திட்டேன், பழைய தமிழ் புத்தகமே இல்லையே?

இருக்காதுதான். லிட்டில் இந்தியாவுல புதுப் பத்திரிகை, காலண்டர், பக்திப் புத்தகம், கொஞ்சம் நாவல் கிடைக்கும், பழசுக்குன்னு தனி மார்க்கெட் இல்ல. இங்க பழைய தமிழ் புத்தகம் எல்லாமே வீட்டுக்குள்ளதான் இருக்கு. அப்பா காலத்துல வாங்குனது, தாத்தா ஊர்ல இருந்து ட்ரங்க் பெட்டியில கொண்டு வந்தது, சங்கத்துல பரிசா குடுத்தது, எல்லாம் கட்டிலுக்கு அடியில, ஸ்டோர் ரூம்ல, அம்மாவோட புடவை அலமாரி மேல. பெரியவங்க தவறிட்டாலோ, அஞ்சு ரூம் வீட்ட வித்துட்டு சின்ன வீட்டுக்கு மாறினாலோ இதெல்லாம் ஒரே நாள்ல வெளிய வரும், வந்ததும் ஒண்ணு காராங்குனிக்கு (வீடு வீடா வந்து பழைய பேப்பர், சாமான் எடுக்குறவர்) கிலோ கணக்குல போகும், இல்ல கீழ இருக்குற நீல ரீசைக்கிள் தொட்டிக்கு. பிள்ளைங்களை குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கு தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டி படிக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும், எது முக்கியம் எது குப்பைன்னு அவங்களுக்கு எப்படி தெரியும்?

அதனால செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள், நீங்க புத்தகம் சேக்குறீங்கன்னு ஊருக்கே தெரியணும். கோயில்ல, கல்யாணத்துல, ஆபீஸ்ல, கோப்பிக்கடையில, மாமா சித்தி பெரியம்மா எல்லாருகிட்டயும் ஒரு தடவ சொல்லி வைங்க. "வேண்டாம்னு போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க, வந்து நானே தூக்கிட்டுப் போறேன்" அவ்ளோதான். தூக்கிட்டுப் போறேன்னு சொல்றதுதான் முக்கியம், வீடு காலி பண்றவங்களுக்கு அதுதான் பெரிய உதவி.

சில மரியாதை உண்டு. துக்க வீட்டுல காரியம் முடியுறதுக்குள்ள போய் புத்தகம் பத்தி வாய் திறக்காதீங்க. பெட்டிய வாங்கிக்கறப்போ வீட்டு ஆளுங்க முன்னாடியே பக்கத்தப் புரட்டுங்க, உள்ள போட்டோ இருக்கும், லெட்டர் இருக்கும், சில சமயம் நோட்டு இருக்கும், அதெல்லாம் அவங்களோடது. எது உங்களுக்கு வேண்டாமோ அதையும் சேத்தே எடுத்துட்டுப் போங்க, நல்லத மட்டும் பொறுக்கிட்டு மீதிய அவங்க தலையில கட்டுனா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க.

எதை சேக்குறது? எனக்கு எல்லாமே புடிக்கும்.

எல்லாமே புடிக்கும்னா உங்களுக்கு ஹெச்டிபி வீடு (அரசாங்க அடுக்குமாடி வீடு) பத்தாது, தரை வீடு வாங்குங்க. மத்தவங்க ஒரு சின்ன வட்டம் போட்டுக்கணும், அதை எவ்ளோ சுருக்குறீங்களோ அவ்ளோ சந்தோஷம், இத நான் அனுபவிச்சு சொல்றேன். "நாவல்"னு தேடினா எங்க பாத்தாலும் நாவல்தான், கை சலிச்சிடும். "1980-க்கு முன்னாடி சிங்கப்பூர்லயோ மலாயாவுலயோ அச்சான தமிழ்"னு தேடினா ஒரு பெட்டியில ஒண்ணு சிக்கினாலே அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது.

இங்க தமிழ் அச்சு நேத்து ஆரம்பிச்சது இல்ல, சிங்கை நேசன் வாரப் பத்திரிகை 1887-ல வந்திருக்கு, தமிழ் முரசு 1935-ல இருந்து வந்துக்கிட்டு இருக்கு. 19-ம் நூற்றாண்டு சரக்கு நம்ம கைக்கு வராது, அத நூலகத்துல கண்ணாடிக்குள்ள பாத்துக்கலாம். ஆனா யாருமே மதிக்காத சில வகை இருக்கு, அதுல எனக்கு ரொம்ப புடிச்சது மலர்கள், அதாவது விழா நினைவா போடுற புத்தகங்க. கோயில் கும்பாபிஷேக மலர், சங்கத்தோட ஆண்டு மலர், பள்ளி மலர். பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ கும்பாபிஷேகம்னா பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு மலர். முன்னாடி வாழ்த்துரை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், தாண்டிப் போயிடுங்க, பின்னாடி விளம்பரத்துக்குப் போங்க: சிராங்கூன் ரோட்டுல எந்த நம்பர்ல எந்த நகைக்கடை, எந்த மளிகைக்கடை, யாரு பாய் கடை, யாரு செட்டியார் கடை, போன் நம்பரோட இருக்கும். எந்த வரலாற்றுப் புத்தகத்துலயும் அது வராது. அதே மாதிரி பழைய தமிழ்ப் பள்ளிப் பாடப் புத்தகம். கடைசித் தமிழ்ப் பள்ளியான உமறுப்புலவர் உயர்நிலைப் பள்ளி 1982-ல மூடியாச்சு, அந்தப் பள்ளிகள்ல படிச்சவங்க வீட்டுல தேடுனா இன்னும் ஒண்ணு ரெண்டு இருக்கும்.

புத்தகத்துல வருஷமே போடல, எவ்ளோ பழசுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

எனக்கு இதுதான் பெரிய விளையாட்டு, சனிக்கிழமை முழுக்க இதுலயே போயிடும்.

முதல்ல எழுத்தப் பாருங்க. ணை, லை, ளை, னை எல்லாம் முன்னாடி யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு வச்சு அச்சடிச்சாங்க, ணா, றா, னாவும் சுழிச்சு ஒட்டியிருக்கும், மொத்தம் 13 எழுத்து அப்படி. தமிழ்நாடு அரசு 1978-ல மாத்துச்சு, சிங்கப்பூர் 1983-ல ஏத்துக்கிச்சு. அதனால இங்கத்த பாடப் புத்தகத்துல பழைய லை இருந்தா அது அநேகமா 83-க்கு முன்னாடி. தனியார் அச்சகங்க பழைய டைப்ப வச்சே கொஞ்ச நாள் ஓட்டியிருப்பாங்க, அதனால இது ஒண்ணையே நம்பி சத்தியம் பண்ண வேணாம்.

வருஷம் போட்டிருப்பாங்க, நமக்குத்தான் புரியாது. "பார்த்திப வருஷம் தை"ன்னு இருந்தா அது 1946 ஜனவரி வாக்குல, அறுபது வருஷச் சக்கரங்கறதால 1886-ஆகவும் இருக்கலாம், காகிதத்தையும் பொருளையும் பாத்தா எதுன்னு புரிஞ்சிடும். திருவள்ளுவர் ஆண்டுன்னா 31 கழிங்க, 2010-னு பாத்துட்டு புதுப் புத்தகம்னு நினைச்சிடாதீங்க, அது 1979. இஸ்லாமியத் தமிழ் நூல்கள்ல ஹிஜ்ரி ஆண்டு இருக்கும், அதுக்கு ஆன்லைன்லயே மாத்திப் பாக்குற கணக்கு இருக்கு.

அப்புறம் சிங்கப்பூருக்குன்னே ஒரு வழி, முகவரி. கடை முத்திரையோ சொந்தக்காரர் பேரோ இருக்குற இடத்துல அஞ்சல் குறியீட்டப் பாருங்க. "சிங்கப்பூர் 8"ன்னு ஒண்ணு ரெண்டு இலக்கம்னா 1979-க்கு முன்னாடி, நாலு இலக்கம்னா 1979-ல இருந்து 1995 வரைக்கும், ஆறு இலக்கம்னா 1995-க்கு அப்புறம். போன் நம்பர் 8 இலக்கமா 6-ல ஆரம்பிச்சா அந்த முத்திரை 2002-க்கு அப்புறம் குத்துனது. இது புத்தகம் அச்சான வருஷத்த சொல்லாது, அது எப்போ யாரு கையில இருந்துச்சுன்னு சொல்லும், எனக்கு அதுவே போதும்.

ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் குடுக்குற சர்வதேச எண்) இருந்தா இன்னும் சுலபம், எந்த நாட்டுல வந்ததுன்னு அதோட முதல் இலக்கங்களே சொல்லிடும். 9971 இல்ல 981 வந்தா சிங்கப்பூர், 967 இல்ல 983-னா மலேசியா, 81, 93-னா இந்தியா. புது 13 இலக்க எண்ல முன்னாடி ஒட்டியிருக்குற 978-அ விட்டுட்டுப் படிங்க. பழைய தமிழ் புத்தகத்துல பெரும்பாலும் ஐஎஸ்பிஎன்னே இருக்காது, இல்லாததே ஒரு தகவல்தான்.

பத்திரிகைத் தொடர்கதைய கிழிச்சு பைண்டு பண்ணது ஒண்ணு கிடைச்சது, அது வெறும் குப்பையா?

அய்யோ தூக்கிப் போட்டுடாதீங்க! அந்தக் காலத்துல வாரா வாரம் தொடர் பக்கத்த மட்டும் பிரிச்சு எடுத்து, முடிஞ்சதும் பைண்டர்கிட்ட குடுத்து கெட்டி அட்டை போட்டு வச்சுக்குவாங்க. புத்தகமா வந்தப்போ பல சமயம் படத்தையெல்லாம் விட்டுடுவாங்க, பைண்டுலதான் அந்த வாரத்து ஓவியம் அப்படியே இருக்கும். கல்கி பத்திரிகையில 1950-ல இருந்து 1954 வரைக்கும் பொன்னியின் செல்வன் ஓடுனப்போ மணியம் வரைஞ்ச படங்க இருக்கே, அத அந்தப் பக்கத்துலயே, பின்பக்கத்து சோப்பு விளம்பரத்தோட பாக்குறது தனி சுகம். அதுவும் இங்க கப்பல்ல வந்து சேந்த இதழ்னா யாரோ ஒருத்தர் ஒரு வாரம்கூட விடாம காத்துக்கிட்டு இருந்து வாங்கியிருக்காங்கன்னு அர்த்தம். நடுவுல ஒரு வாரம் விட்டுப் போயிருந்தா அந்த இடத்துல கையால எழுதிச் சேத்த பைண்டுகூட உண்டு. அப்படி கிடைச்சா எனக்கு போன் பண்ணுங்க.

விலை எவ்ளோ குடுக்கலாம்?

சாதாரண நாவலுக்கு ஒரு சாப்பாட்டு விலைக்கு மேல குடுக்காதீங்க. அரிது, முதல் பதிப்பு, கையெழுத்து போட்டதுன்னு சொன்னா அந்த அளவுகோல் ஓடாது, உங்களுக்கு எவ்ளோ ஆசையோ அவ்ளோ. காமிக்ஸ்தான் இப்போ தலை சுத்த வைக்குது, 1984-ல ஆரம்பிச்ச லயன் காமிக்ஸ் மாதிரி பழைய இதழ்களுக்கு ஒரு கூட்டமே அலையுது, அவங்களோட போட்டி போட நம்மளால ஆகாது. பேரம் பேசலாம், மூணு நாலு சேத்து எடுத்தா குறைப்பாங்க, ஒரே ஒரு புத்தகத்துக்கு ஐம்பது காசு குறைக்கச் சொல்லி வயசான அங்கிள்கிட்ட மல்லுக்கட்டாதீங்க, பாக்கவே நல்லா இருக்காது.

ஊருக்குப் போறப்போ சென்னையில வாங்கிட்டு வரலாமா?

தாராளமா. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைங்க (பெரியவங்களுக்கு பைகிராஃப்ட்ஸ் ரோடுன்னாதான் தெரியும்), மயிலாப்பூர் லஸ் முனை. மூர் மார்க்கெட்ட பத்தி அப்பா தலைமுறை பேசினா கண்ணுல தண்ணி வரும், 1985-ல எரிஞ்சு போச்சு. லக்கேஜ்தான் பிரச்சனை. புத்தகம் பாத்தா சின்னது, தராசுல வச்சாதான் தெரியும், முப்பது கிலோ பொசுக்குன்னு நெறஞ்சிடும், அம்மா குடுத்த வடகம், பருப்புப் பொடிக்கு எங்க இடம்? கனமானத கைப்பையில வச்சு தோள்பட்டை கழண்டாலும் சிரிச்ச முகமா கவுன்டரத் தாண்டுறது ஒரு கலை.

வாங்கின உடனே அலமாரியில வச்சிடலாமா?

கூடவே கூடாது. தனியா வைங்க. முதல்ல வெளிச்சத்துல புரட்டுங்க, முதுகுப் பக்கம் ஊதிப் பாருங்க. பொடிப் பொடியா தவுடு மாதிரி கொட்டுனா உள்ள புழு ஓட்டை போடுது, பக்கம் மேல்தோல் சுரண்டின மாதிரி இருந்தா ராமபாணப் பூச்சி, மண் கோடு தெரிஞ்சா கரையான், கரையான்னா வீட்டு வாசப்படியே மிதிக்க விடாதீங்க.

மத்த பூச்சிக்கு ஃப்ரீசர்தான் மருந்து. ஜிப் பையில காத்து எடுத்துட்டு நல்லா மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. எடுத்ததும் பையத் திறக்காதீங்க, ஒரு நாள் அப்படியே வெளிய வச்சு அறை சூட்டுக்கு வந்தப்புறம் திறங்க, இல்லன்னா ஈரம் பக்கத்து மேல படிஞ்சிடும். மீன் பாக்கெட்டுக்கு நடுவுல புத்தகத்த பாத்து வீட்டுல கேள்வி வரும், அதுக்கு பதில் நீங்கதான் தயார் பண்ணணும்.

பாச்சை உருண்டை வேணாம். நாத்தம் ஒரு பக்கம், ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணு சுலபமா உடைஞ்சு போற பிறவிக் குறை) இருக்குற குழந்தைங்களுக்கு அந்த உருண்டையில இருக்குற நாஃப்தலீன் நெசமாவே ஆபத்து, இங்க பிறக்குற பிள்ளைங்களுக்கெல்லாம் 1965-ல இருந்தே அந்த டெஸ்ட் எடுக்குறாங்கன்னா சும்மாவா. வசம்ப துணியில முடிஞ்சு வைக்கிறது நம்ம பழைய வழக்கம், வச்சா வாசமா இருக்கும், ஆனா பூச்சி வந்த பிறகு வசம்பு மட்டும் போதாது.

இந்த ஊரு ஈரத்துல காகிதம் எப்படி தாங்கும்?

கஷ்டம்தான். இங்க காத்துல ஈரப்பதம் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல, 65, 70-ஐத் தாண்டுனாலே பூஞ்சை வர வாய்ப்பு இருக்கு. அதனால முதல் செலவு அலமாரிக்குப் பண்ணாதீங்க, ஒரு ஈரப்பத மீட்டர் வாங்குங்க, சின்னது போதும், வீட்டுல எந்த மூலை காய்ஞ்சிருக்குன்னு ஒரு வாரம் வச்சு வச்சு பாருங்க. மழை அடிக்கிற வெளிச்சுவர், பாத்ரூம் சுவர் ரெண்டுலயும் ஒட்டி வைக்க வேணாம், எந்தச் சுவரா இருந்தாலும் கொஞ்சம் இடைவெளி விடுங்க. மேற்கு வெயில் விழுற ஜன்னலும் வேணாம், அட்டை வெளுத்துடும். நாள் முழுக்க காத்தாடி சுத்துனாலே பாதிப் பூஞ்சை வராது.

மூடுன அலமாரின்னா சிலிக்கா ஜெல் வைங்க, இல்ல சூப்பர் மார்க்கெட்டுல விக்கிற ஈரம் உறிஞ்சுற டப்பா. டப்பாவ எப்பவும் கீழ்த் தட்டுல, புத்தகத்துக்கு மேல வைக்கவே வைக்காதீங்க, அதுல சேருற தண்ணி வெறும் தண்ணி இல்ல, கால்சியம் குளோரைடு, கவுந்தா அந்தப் பக்கம் காயவே காயாது. விலை உசந்தது நாலஞ்சு இருந்தா கேமராவுக்கு வைக்கிற டிரை கேபினட் ஒண்ணு வாங்கிடலாம்.

பூஞ்சை வந்துடுச்சா, மாஸ்க் போட்டுக்கிட்டு வெளிய எடுத்துட்டுப் போய் நல்லா காய விட்டு அப்புறம் மெத்துன்னு பிரஷ்ஷால தட்டுங்க. ஈரமா இருக்குறப்போ துடைச்சா உள்ள தேய்ச்சு விட்ட மாதிரிதான்.

ஹெச்டிபி தரை இவ்ளோ எடைய தாங்குமா? எங்க அம்மா பயப்படுறாங்க.

தரை ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்குற மாதிரி கட்டுறாங்க. புத்தகம் நெறஞ்ச தட்டு ஒரு மீட்டர் நீளத்துக்கு 20, 30 கிலோ வரும், அதனால சுவரோரமா பரத்தி வைங்க, ரூம் நடுவுல முதுகோட முதுகா ரெண்டு அலமாரி நிறுத்தாதீங்க. தரைய விட முதல்ல வளையுறது தட்டுதான். ஐக்கியா பில்லி அலமாரிக்கு ஒரு தட்டு 30 கிலோன்னு போட்டிருக்கு, நடுவுல தொய்ய ஆரம்பிச்சா அடுத்த தடவ அகலம் கம்மியானத வாங்குங்க. சுவத்துல ஆணி வச்சு புடிச்சுக் கட்டுறது கண்டிப்பா வேணும், பிள்ளைங்க ஏறுவாங்க.

பாம் ஷெல்டர்ல (வீட்டுக்குள்ளயே கெட்டிச் சுவரும் இரும்புக் கதவும் வச்ச பாதுகாப்பு அறை) வைக்கலாமான்னு நெறைய பேரு கேக்குறீங்க. கதவ மூடிட்டா காத்தோட்டம் கம்மி, பெட்டிய போட்டு மறந்துட்டா ஆறு மாசத்துல வாசனையே சொல்லிடும். காரிடார்ல அலமாரி வைக்காதீங்க, தீயணைப்புக்கு வழி விடணும், அபராதம் வேற.

கிழிஞ்ச பக்கத்துக்கு செலோ டேப் ஒட்டலாமா?

வேணாம். பத்து வருஷத்துல டேப் கழண்டுடும், மஞ்சக் கறை மட்டும் நிக்கும். மைதாப் பசையும் வேணாம், பூச்சிக்கு விருந்து வச்ச மாதிரி. ஜப்பான் டிஷ்யூ காகிதமும் மெத்தில் செல்லுலோஸ் பசையும் ஆர்ட் சாமான் கடையில கேளுங்க. துருப்பிடிச்ச ஸ்டேப்பிள் பின்ன மெதுவா நிமித்தி எடுத்துட்டு நூலால தைச்சிடுங்க. அதுக்கு மேல நம்ம கை வைக்கக் கூடாது.

லிஸ்ட் எப்படி வைக்கிறது?

கூகுள் ஷீட் போதும். பார்கோடு ஸ்கேன் பண்ற ஆப்பெல்லாம் பழைய தமிழுக்கு உதவாது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், வருஷம், யாரு குடுத்தாங்க. கடைசிக் கட்டம்தான் பின்னாடி படிக்க நல்லா இருக்கும்.

எல்லாமே பிடிஎஃப்ல வந்துடுச்சே, காகிதம் எதுக்கு?

எல்லாமே வரலீங்க. 2015-ல தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்துல சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் நூத்துக்கணக்குல டிஜிட்டலா மாத்தி நூலக வாரியத்துகிட்ட இருக்கு, அருமையான வேலை, கண்டிப்பா போய்ப் பாருங்க. நான் ஒரு புத்தகம் கிடைச்சதும் முதல்ல அங்கதான் தேடுவேன். அதுல இருந்தா நிம்மதியா படிச்சுக்கலாம், இல்லன்னா கையில இருக்குறத இன்னும் பத்திரமா வைக்கணும்னு புரியும். மலர், துண்டுப் பிரசுரம், கல்யாண வாழ்த்து மடல் இந்த மாதிரி சாமானெல்லாம் இலக்கியம்னு யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க, அங்கதான் நம்ம மாதிரி ஆளுக்கு வேலை.

பசங்க தமிழ் புத்தகம் பக்கமே வர மாட்டேங்குறாங்க, அவங்களுக்கு என்ன வைக்கலாம்?

கீழ்த் தட்ட அவங்களுக்கு விட்டுடுங்க. படக்கதை, பழைய அம்புலிமாமா (1947-ல இருந்து வந்தது, வேதாளக் கதை இன்னும் வேலை செய்யுது), காமிக்ஸ். கிழிச்சா கிழிக்கட்டும், மதிப்பு உள்ளத மேல வச்சிடுங்க. படின்னு சொல்லாதீங்க. எங்க வீட்டுல ஒருத்தன் எழுத்துக் கூட்டி படிச்சது பழைய விளம்பரம்தான், "வேப்பம்பூ தைலம்"னு கத்திக்கிட்டே சுத்தினான், டியூஷன் டீச்சருக்கே ஆச்சரியம்.

நமக்கப்புறம் இதெல்லாம் என்ன ஆகும்? பிள்ளைங்க காராங்குனிக்குதானே போடப் போறாங்க?

போடலாம். அதுக்கு இப்பவே ஏதாச்சும் பண்ணி வைங்க. கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார்னு ஒருத்தர், விளம்பரப் பலகை எழுதுற ஓவியர், ஆயுசு முழுக்க புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ்னு சேத்தாரு. 1992-ல அவர் தவறினப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அத மொத்தமா வாங்கி, 1994-ல சென்னையிலயே ஆராய்ச்சி நூலகமா வச்சாங்க. புதுக்கோட்டையில ஞானாலயா இன்னொண்ணு, கணவன் மனைவி ரெண்டு பேரும் சேந்து சேத்தது, தேடி வர்ற ஆராய்ச்சியாளருக்கெல்லாம் திறந்து விடுறாங்க. அவங்க அளவுக்கு நம்ம வீட்டுல இடமும் இல்ல, நமக்கு அவ்ளோ பொறுமையும் இல்ல. ஆனா ஒரு பேப்பர்ல, எந்தத் தட்டு தேசிய நூலகத்துகிட்ட கேக்கணும், எது யாரு கேட்டாலும் குடுக்கலாம், எத போடலாம்னு எழுதி அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைக்கலாம் இல்லையா. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைன்னா இங்கிலீஷ்ல எழுதுங்க. தட்டு விளிம்புல சிவப்பு, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிட்டா இன்னும் நல்லது.

இரவல் குடுப்பீங்களா?

ரெண்டு காப்பி இருக்குறத மட்டும். பேரு, போன் நம்பர், தேதி நோட்டுல எழுதிட்டுதான் வெளிய போகும், சொந்த அக்காவா இருந்தாலும். மலர்கள் இரவல் கிடையாது, வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம், டீ போட்டுத் தர்றேன், கப்ப மட்டும் அந்தப் பக்கம் வச்சுடுங்க.